ஒரு மீட்டர் என்று எழுதிய இடம்

என்னைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "சார், உங்களுக்கு ஷாக் அடிச்சிருக்கா?" என்பதுதான். அடித்திருக்கிறது, இரண்டு முறை. இரண்டும் என் சொந்த அவசரத்தால். அதைக் கதையாகச் சொன்னால் வாயைப் பிளந்து கேட்பீர்கள், ஆனால் அதில் கற்றுக்கொள்ள ஒரு மண்ணும் கிடையாது. கரண்டைத் தொட்டால் அடிக்கும். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது பேனாவைப் பற்றி. நம் வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய சாமான்கள் நிறைய உண்டு. பயிற்சியில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், பேனாவை மட்டும் விட்டிருப்பார்கள். அந்தப் பேனாவால் ஒரு மனுஷியின் உயிரை எடுக்கப் பார்த்தவன் நான். பெரிய மனிதன் மாதிரி உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசுகிறேனே, அதற்கு முன் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் வேலை பார்க்கப் போகிறவர்கள் மண்ணை நம்பாதீர்கள். மேலே கரிசல் இருக்கும். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை வந்தால் ஷூவைக் கழற்றிக்கொண்டு விடும். அதையும் தாண்டிக் கீழே போனால் சுண்ணாம்புப் பாறை. சிமெண்ட் ஆலைக்காரர்களுக்கு அது வரம், பள்ளம் தோண்டுகிற நமக்குச் சாபம்.

அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகிற பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே புதிதாகக் கட்டிய ஓர் ஆஸ்பத்திரிக்குப் பதினோராயிரம் வோல்ட் கேபிள் புதைக்கிற வேலை. நான்தான் சூப்பர்வைசர். மறுநாள் காலை பத்து மணிக்குள் சப்ளை கொடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்று நின்று ஓடியது. உள்ளே பிரசவ வார்டு இருந்தது. மற்ற இடமெல்லாம் முடிந்து, ஒரு சின்னப் பாலத்துக்கு வடக்கே நாலு மீட்டர் தூரம் மட்டும் பாறை மாட்டிக்கொண்டது. ஒண்ணேகால் அடிக்குக் கீழே கடப்பாரை இறங்கவில்லை. பாறை உடைக்கிற மிஷின் பெரம்பலூரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

ஒண்ணேகால் அடியிலேயே கேபிளைப் போட்டு, மேலே செங்கல் அடுக்கி, மண்ணைத் தள்ளி மூடினோம். கூட இருந்த ஆள் ஒருவன், "எவன் சார் இங்க வந்து தோண்டப்போறான்?" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் சப்ளை போனது. நான் வரைபடத்தை எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை, ஆழம் ஒரு மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலு மீட்டருக்கு மட்டும் வேறு ஆழம் எழுதினால் ஆய்வில் நிறுத்துவார்கள், கேள்வி வரும், ஆஸ்பத்திரி மறுபடி இருட்டாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிஷின் வந்ததும் சரிசெய்துவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். பொய்க்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டால் அப்புறம் அதை மறப்பது ரொம்ப சுலபம். மிஷின் வந்தது, வேறு இடத்துக்குப் போனது. நானும் போய்விட்டேன்.

ஏழு வருடம் கழித்து அதே ஊரில் குடிதண்ணீர்க் குழாய் போடப்போகிறோம், உங்கள் கேபிள் போகிறது, வந்து வழி காட்டுங்கள் என்று ஒரு கடிதம் வந்தது. நம் கேபிள் இருக்கிற இடத்தில் வேறு யாராவது தோண்டினால் நாம் போய் நிற்க வேண்டும், அது முறை. நானும், கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த இன்ஜினியர் பெண்ணும் போனோம். சுறுசுறுப்பான பெண். வண்டியில் வரும்போதே என் பழைய வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "எவ்வளவு நீட்டா இருக்கு சார்" என்றது. எனக்கு வாயெல்லாம் பல். அந்த நாலு மீட்டர் என் நினைவில் அப்போது இல்லவே இல்லை. நம்பினால் நம்புங்கள்.

போய் இறங்கினால் ஊரே கூடி நிற்கிறது. பந்தல், மைக் செட், வாழைமரம். நம் பக்கத்தில் எந்த வேலைக்கும் முதல் கொத்து என்று ஒன்று உண்டே. பொக்லைன் நின்றாலும் கிரேன் நின்றாலும், பூஜை போட்டு, ஊரில் மரியாதைப்பட்டவர் ஒருவர் கடப்பாரையால் ஒரு கொத்து போட்ட பிறகுதான் வேலை தொடங்கும். அன்றைக்கு முதல் கொத்து போட இருந்தவர் அந்த ஊராட்சியின் தலைவரம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் அடுத்தவர் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர் தேர்தலில் நின்று ஜெயித்திருந்தார். அவர் தெருவுக்கு அதுவரை குழாயே கிடையாது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடப்பார்கள். முதல் குழாய் அந்தத் தெருவுக்குத்தான். அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள், அப்படி ஒரு களை.

நான் குழாய் ஒப்பந்தக்காரரிடம் போய், "மொதல்ல எங்க மிஷின ஓட்டிப் பாத்துடுறோங்க, அரை மணி நேரம் ஆவும்" என்றேன். கேபிள் எங்கே போகிறது என்று காட்டுகிற மிஷின் வண்டியில்தான் இருந்தது.

அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "மணி பத்தாவப்போவுது சார். நல்ல நேரம் பத்தேகாலோட முடியுது. ஒரே ஒரு கொத்து, சாஸ்திரத்துக்கு. அப்புறம் நீங்க பொழுது சாயற வரைக்கும் மிஷின ஓட்டுங்க, யாரு கேக்கப்போறா?"

இந்த வார்த்தையை மட்டும் நீங்கள் காதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கொத்து, சாஸ்திரத்துக்கு. நம் பக்கத்தில் அறுந்த கேபிளில் பாதி, வேலை தொடங்குவதற்கு முன்பே, நல்ல நேரத்துக்குள் அறுந்ததுதான். ஃபைபர் இழுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், தலையில் அடித்துக்கொண்டு சொல்வார்கள்.

இன்ஜினியர் பெண் வரைபடத்தை அவரிடம் நீட்டியது. "ஒரு மீட்டர் ஆழம் இருக்குங்க. கடப்பாரை மிஞ்சிப்போனா ஒரு அடி போவும். போடட்டும் சார், பரவால்ல. இது சார் கையால வரைஞ்சது, கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்."

கூட்டம் விலகி வழிவிட்டது. அப்போதுதான் பூஜை போட்டிருந்த இடத்தைப் பார்த்தேன். சின்னப் பாலம். அதற்கு வடக்கே, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாழையிலை போட்டு, சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஏழு வருடமாக மறந்து கிடந்தது ஒரே நொடியில் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் முழுக்க அந்த மண்ணிலேயே ஊற்றினார்கள். தலைவரம்மா பூஜைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றார். கையில் குங்குமம் வைத்த இரும்புக் கடப்பாரை. கீழே ஒண்ணேகால் அடியில் பதினோராயிரம் வோல்ட். ஒரு ஆளைச் சாகடிக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தால்கூட இவ்வளவு சரியாக ஏற்பாடு செய்ய முடியாது.

உடனே கத்தினேன் என்று சொல்ல ஆசைதான். கத்தவில்லை. அந்த நேரத்திலும் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? என் பெயர் கெடாமல் இதை எப்படித் தாண்டுவது என்று பார்த்தது. கூட்டத்துக்குள் நுழைந்து, சிரித்த முகமாக, "அம்மா, கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம் போட்டா நல்லதுங்க. அதான் ஈசானி மூலை" என்றேன்.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இதாங்க ஈசானி மூலை. காலையிலேருந்து பாத்துத்தான வெச்சிருக்கேன்? கரண்டு வேலைக்கு வந்தவரு கரண்டப் பாருங்க."

கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பொய்யை இன்னொரு பொய்யால் நகர்த்தப் பார்த்ததில் அரை நிமிஷம் போயிற்று. அதற்குள் தலைவரம்மா கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கடப்பாரையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

அப்புறம் நான் யோசித்தேனா என்று எனக்கே தெரியாது. ஓடிப்போய் அந்த வாழையிலை மேல், எரிகிற சூடத்தின் மேல், ஷூக்காலோடு ஏறி நின்றேன். "போடாதீங்க!" என்று கத்தினேன். குரல் கிழிந்துவிட்டது.

ஊர் என்னைப் பிடித்துக்கொண்டது. பூஜையை மிதித்துவிட்டான் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஓர் இளைஞன் என் சட்டையைப் பிடித்து, "எங்க தலைவரு கடப்பாரை புடிச்சா ஒனக்குப் பொறுக்கலையாய்யா? இத்தன வருசம் நாங்க தோண்டுன பள்ளத்துல எல்லாம் வந்து நின்னியா?" என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஷூக்காலோடு ஒருவன் வந்து அந்த அம்மாவின் முதல் கொத்தைத் தடுத்தால் அந்த ஊரில் அதற்கு வேறு என்ன அர்த்தம்?

தலைவரம்மா கடப்பாரையை இறக்கவில்லை. என்னையே பார்த்தார். "ஏங்க, என்னாங்க இது?" என்றார். அவ்வளவுதான்.

ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். மிஷின் ஓட்ட வேண்டும், மேலிடத்து உத்தரவு, இப்படி ஏதாவது. எதைச் சொன்னாலும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். என்னைத் தள்ளிவிட்டுப் போட்டிருப்பார்கள். நம்புகிற மாதிரி என்னிடம் மிச்சம் இருந்தது உண்மை ஒன்றுதான்.

"கீழ கேபிள் ஓடுதுங்கம்மா. ஆஸ்பத்திரி கரண்டு. பேப்பர்ல ஒரு மீட்டர்னு இருக்கிறது பொய்யி. ஒண்ணேகால் அடியில கெடக்குது. அந்தப் பொய்ய எழுதுனவன் நான்தான்."

சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. இன்ஜினியர் பெண் வரைபடத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

தலைவரம்மா கடப்பாரையை மெதுவாகத் தரையில் சாய்த்தார். திரும்பி, "எல்லாரும் பின்னால போங்க. புள்ளைவொள இழுத்துக்கிட்டுப் போங்க" என்றார். மைக் தேவைப்படவில்லை.

அந்தப் பெண்தான் சப்ஸ்டேஷனுக்குப் போன் பேசி லைனை நிறுத்தச் சொன்னது. ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஜெனரேட்டருக்கு மாறிய பிறகு நிறுத்தினார்கள். நிறுத்தியாயிற்று என்று எழுத்தில் வாங்கி, சோதித்துப் பார்த்த பிறகு நானே உட்கார்ந்து கையால் மண்ணை விலக்கினேன். ஒண்ணேகால் அடியில் இருக்கும் என்று கொத்துக்கரண்டியால் சாவகாசமாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு சாணிலேயே செங்கல் தட்டியது. இடையில் எந்த வருடமோ சாலையோரத்தை வழித்துச் சமன் செய்திருக்கிறார்கள். செங்கல்லும் லாரி ஏறி நொறுங்கிக் கிடந்தது. அதன் இடுக்கில் கேபிளின் கருப்புத் தோல் தெரிந்தது. நான் ஒப்புக்கொண்ட உண்மையே அரை அடி தப்பு.

தலைவரம்மா குழி ஓரத்தில் குந்தி, தன் கையை விரித்து ஒரு சாண் அளந்து பார்த்தார். பிறகு கடப்பாரையின் கூர்முனையைத் தடவிப் பார்த்தார். அந்த அம்மா திட்டியிருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன்.

என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இது மாதிரி இன்னும் எத்தன எடத்துல எழுதி வெச்சிருக்கீங்க?"

இது ஒன்றுதான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இன்ஜினியர் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. "இன்னும் மூணு எடங்க" என்றேன்.

"அங்கல்லாம் யாரு போயி ஏறி நிக்கப்போறா?"



ஆபீசில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்கும் உதவும். அன்று இரவே நாலு இடத்தையும் எழுதிக் கொடுத்தேன். திட்டு விழுந்தது, மெமோ வந்தது, ஒரு வருடம் எந்த வரைபடத்திலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்றார்கள். வேலை போகும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், போகவில்லை. மூன்று இடங்களில் ஒன்று மீன்சுருட்டிப் பக்கம் பள்ளிக்கூட மதிலை ஒட்டி இருந்தது. அந்தப் பெண் முன்னால் நின்று, மூன்றையும் திறந்து, கேபிளைக் குழாய்க்குள் விட்டுக் கான்கிரீட் போட்டு மூடியது. அதற்குப் பிறகு நம் கம்பெனியில் பாறை வந்தால் பாறை என்று எழுதுகிறார்கள், நாலு அங்குலம் என்றால் நாலு அங்குலம் என்று எழுதுகிறார்கள். ஆய்வில் நிறுத்துகிறார்கள்தான். நிறுத்தட்டும். ஆழம் குறைந்த இடத்தைக் காட்ட நீங்கள் இன்றைக்கு வரைபடத்தில் பார்க்கிற சிவப்புக் கட்டங்கள் அந்தப் பெண் கொண்டுவந்தவை. அந்தக் கட்டத்தைப் பார்த்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான்.

குழாயைச் சாலையின் எதிர்ப்பக்கம் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அடுத்த நல்ல நேரம் நாலே முக்காலுக்கு என்று பூசாரி காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அதுவரை நானும் இன்ஜினியர் பெண்ணும் எதிர்ப்பக்கம் முழுக்க மிஷினோடு மூன்று முறை நடந்தோம். வரைபடத்தில் அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் வரைந்தவன் நானாயிற்றே. அதனால் மிஷின் சொன்னதோடு விட்டுவிடாமல், பூஜை போடப்போகிற இடத்தில் கையாலேயே முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்த்து மூடினோம். இதற்குள் ஆஸ்பத்திரி கேபிளுக்குப் பாதுகாப்பு வைத்து, லைனை மறுபடி விட்டாயிற்று. சாலைக்கு அந்தப் பக்கம் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

நாலே முக்காலுக்கு மறுபடி ஊர் கூடியது. புது வாழையிலை, புதுத் தேங்காய். காலையில் நின்ற கூட்டத்தில் ஒருவர்கூடக் குறையவில்லை, குடத்தோடு பெண்கள் வேறு வந்திருந்தார்கள். நான் கடைசியில் வண்டி ஓரமாக நின்றேன். முன்னால் போக முகம் இல்லை.

"கேபிள் சார் எங்க?" என்றார் தலைவரம்மா. கூட்டம் என்னை முன்னால் தள்ளியது. அவர் கடப்பாரையை என்னிடம் நீட்டினார். "மொத கொத்து நீங்க போடுங்க."

"ஐயோ, நானாங்க? இது ஒங்க தெருக் குழாயிங்கம்மா. ஒங்க கையால..."

"இங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னது நீங்கதான? போடுங்க." என் காலைப் பார்த்தார். "ஷூவக் கழட்டிடுங்க சார். பூச போட்ட எடம்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றினேன், சாக்ஸைக் கழற்றினேன். தேங்காய்த் தண்ணீர் ஊற்றிய மண் உள்ளங்காலில் சில்லென்று ஒட்டியது. இவ்வளவு வருடம் கேபிள் புதைத்தவன், ஒரு நாளாவது வெறுங்காலோடு அதன் பக்கத்தில் நின்றதில்லை. மூன்று முறை மிஷின் ஓட்டியிருக்கிறேன், என் கையால் தோண்டிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கடப்பாரையைத் தூக்கும்போது என் மனைவி, குரும்பலூரில் கட்டி முடிக்காத வீடு, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று. என் கையெழுத்தை நம்பினவர்கள் எல்லாரும் இப்படித்தானே நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

ஓங்கிப் போட்டேன். கரிசல் மண்ணில் சொத்தென்று இறங்கியது. வேறு ஒன்றும் ஆகவில்லை. அழுதுவிட்டேன், சொல்ல என்ன வெட்கம்.

தலைவரம்மா நான் கண்ணைத் துடைக்கும் வரை காத்திருந்தார். பிறகு என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் போட்ட இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டார். பெண்கள் குலவை போட்டார்கள்.